வெள்ளிக்கிழமைக் கடல்

"கை தூக்கினால் பத்து வள்ளம் வரும்" என்று ஹெக்டர் சொன்னது பொய் இல்லை. வியாழக்கிழமை பின்னேரம் மூதூர் இறங்குதுறையில் லோஞ்சை விட்டு இறங்கியபோது நானே கண்ணால் கண்டேன். கொட்டியாரக் குடாவில் பார்த்த பக்கமெல்லாம் வள்ளங்கள். ஒன்றில் வலை இழுக்கிறார்கள், ஒன்றில் பாய் சுருட்டுகிறார்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கூப்பிட்டுப் பகிடி விடுகிறார்கள். இவ்வளவு பேருக்கு நடுவில் ஒருவன் தாழ்வதென்றால் அவன் வேண்டுமென்றேதான் தாழ வேண்டும் என்று நினைத்தேன். நீந்தத் தெரியாத எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஹெக்டர் என் மனைவி இன்பமலரின் தமையன். திருகோணமலையில் நாங்கள் இருவரும் ஒரே கந்தோரில் லிகிதர்கள். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் விட்ட சாமான்களுக்குள் இரண்டு கன்வஸ் வள்ளங்கள் கிடந்தன. மெல்லிய மரச்சட்டத்தின்மேல் கன்வஸ் துணியை இழுத்துக் கட்டித் தார் பூசியவை. காலை நீட்டி உட்கார்ந்தால் இடுப்பு வரை உள்ளே போய்விடும். இரண்டு முனையிலும் அலகுள்ள துடுப்பால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி வலிக்க வேண்டும். பெரியதில் இருவர் இருக்கலாம், சிறியதில் ஒருவர். ஹெக்டர் அவற்றை வாங்கி, ஓட்டை அடைத்து, உட்துறைமுகத்தில் தனியாக ஓட்டிப் பழகியிருந்தான். பிறகு மற்றவர்களையும் பழக்கும் ஆசை பிடித்துக்கொண்டது.

கந்தோர் நலன்புரிச் சங்கத்துப் பலகையில் அறிவித்தல் ஒட்டினான். ஓரிரவுக் கடற்பயணமும் கூடார வாசமும், புதியவர்களுக்கு உகந்தது, நீந்தத் தெரியாதவர்களும் சேரலாம். பெயர் கொடுத்தவர்கள் காய்ச்சல் என்றும் வீட்டில் விசேஷம் என்றும் மாமியார் வருகிறா என்றும் ஒவ்வொருவராக வந்து பெயரை வெட்டினார்கள். மிஞ்சியது நானும் மலரும்தான். நானும் வெட்டியிருப்பேன். மலர் விடவில்லை.

"நீங்கள் குளிக்கிற வாளிக்குள்ளயும் கையை விட்டு ஆழம் பாக்கிற ஆள்," என்றாள். "எனக்கு ஒரு நாளைக்காவது கடலுக்குள்ள இருந்துகொண்டு ஊரைப் பாக்க வேணும்."

"உமக்கு நீந்தத் தெரியாதே."

"அண்ணாவுக்குத் தெரியும்தானே."

அந்த வருஷங்களில் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லை. சந்திரக் கணக்கில் வரும் பௌத்தர்களின் போயாதான் விடுமுறை, போயாவுக்கு முதல் நாள் அரைநாள் வேலை. வேதக்காரராகிய நாங்கள் ஞாயிறு விடிய முதற்பூசையைக் கண்டுவிட்டு அப்படியே கந்தோருக்கு ஓடிப் பழகியிருந்தோம். கிழமைகளின் பெயர் எங்களுக்கு மறந்து போகவில்லை, ஆனால் நாட்காட்டியில் கண் முதலில் தேடுவது போயாவைத்தான். அந்த முறை போயா வெள்ளிக்கிழமையில் வந்தது. வெள்ளி என்பதால் இறைச்சி வேண்டாம் என்று மலர் முட்டை அவித்தாள், மீன் ரின் எடுத்து வைத்தாள். அந்த நாளைப்பற்றி நாங்கள் யோசித்தது அவ்வளவுதான்.

இறங்குதுறைக்குப் பக்கத்தில், லோஞ்சில் ஏற்றி வந்த கன்வஸ் வள்ளங்களை நீரில் விட்டு, சாமான்களை அடுக்கி, ஹெக்டர் எங்களுக்குப் பாடம் எடுத்தான். எப்போதும் கரை ஓரமாகவே போக வேண்டும். பயந்தால் துடுப்பை விடக் கூடாது. கவிழ்ந்தால் வள்ளத்தை விடக் கூடாது.

"நாலாவது," என்றான், "பேணாட் மச்சான் செபம் சொல்லக் கூடாது. வள்ளம் ஆடும்."

"உன்ர வாயை மூடிக்கொண்டு வலி," என்றேன்.

கிழக்கே, கழிமுகத்துக்கு வெளியே கிடந்த ஒரு மணல்திட்டுத்தான் எங்கள் தங்குமிடம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழியான களப்பும் கண்டல் மரங்களும். கரை ஓரத்தில் தண்ணீர் இடுப்பளவுக்கு மேல் இல்லை, அடிமணல் தெரிந்தது. மலர் முன்னால் இருந்தாள், நான் பின்னால். முதலில் வட்டம் வட்டமாகச் சுற்றினோம். பிறகு பழகிவிட்டது. சூரியன் கட்டைபறிச்சான் பக்கத்துப் பனைகளுக்குப் பின்னால் இறங்கும்போது திட்டில் ஏறிவிட்டோம். மலருக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. கலியாணம் முடித்து இரண்டு வருஷத்தில் நான் அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் கண்டதில்லை.

காலையில் எழுந்தபோது கடல் பால் மாதிரிக் கிடந்தது. அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தரைப் பக்கமிருந்து சூடான காற்று ஒன்று முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. பனியில் நனைந்திருந்த கூடாரத் துணியைக் கம்பில் கட்டிவிட்டேன். அது கடலை நோக்கிப் படபடவென்று அடித்துச் சீக்கிரமே காய்ந்தது. நல்ல காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

என் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் போட்டிருந்தது.

"கந்தோர்க் கை," என்றான் ஹெக்டர். "பேனை பிடிக்கத்தான் லாயக்கு. மலர், நீ வா. தண்ணி தளம்பாமக் கிடக்கேக்க ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வருவம்."

"தூரமாப் போகாதேங்கோ," என்றேன்.

"இஞ்சருங்கோ, தேத்தண்ணியை மட்டும் ஆறவிடாமல் பாத்துக்கொள்ளுங்கோ," என்றாள் மலர். வெயிலுக்கு என் பழைய சாரத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு போய் முன்னால் உட்கார்ந்தாள்.

பெரிய வள்ளம் வழுக்கிக்கொண்டு போனது. அவர்கள் பாடுபட்டு வலித்ததாகவும் தெரியவில்லை. துடுப்பைத் தொட்டுத் தொட்டு எடுத்தார்கள், அது போய்க்கொண்டே இருந்தது. நான் மூன்று கல்லுக்கு நடுவில் நெருப்பு மூட்டினேன். கேத்தலை வைத்தேன். பாணை வெட்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர்கள் கைகாட்டினார்கள். நானும் காட்டினேன். அடுத்த தரம் நிமிர்ந்தபோது வள்ளத்தின் மூக்கு கரைப் பக்கம் திரும்பியிருந்தது. வருகிறார்கள் என்று தேத்தண்ணி ஊற்றினேன்.

வரவில்லை.

துடுப்பு அலகுகள் வெயிலில் மின்னுவது தெரிந்தது. முதலில் ஆறுதலாக மின்னின. பிறகு வேகமாக. பிறகு கண் கூசும் வேகத்தில். முகம் இரண்டும் என்னை நோக்கித்தான் இருந்தன. வலிக்கிறார்கள், உயிரைக் கொடுத்து வலிக்கிறார்கள், ஆனால் ஆள் சிறுத்துக்கொண்டே போகிறது. எனக்கு விளங்கவில்லை. கரையில் தண்ணீர் தட்டையாகக் கிடக்கிறது. அங்கே மட்டும் எப்படி என்று பார்த்தேன். அவர்களுக்கு அப்பால் கடலின் நிறம் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பில் வெள்ளை வெள்ளையாக நுரை உடைந்தது. காய்ந்த துணி என் பின்னால் இன்னும் அந்தத் திசைக்கே அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் விளங்கியது.

துணியைப் பிடுங்கி, தண்ணீருக்குள் இறங்கி, தலைக்கு மேல் ஆட்டினேன். அவர்களுக்கல்ல, வள்ளக்காரருக்கு. வலமிருந்து இடம்வரை குடாவைப் பார்த்தேன். ஒரு பாய் இல்லை. ஒரு வள்ளம் இல்லை. நேற்று நெரிந்து கிடந்த கடல் துடைத்து வைத்த பீங்கான் மாதிரி வெறுமையாக இருந்தது. தூரத்தில் நகரத்துக்குப் போகும் லோஞ்ச் மட்டும் ஒரு நெல் அளவில் தெரிந்தது. அதைப் பார்த்துக் கத்தினேன். அது மேற்கே போய் மறைந்தது.

எல்லோரும் எங்கே போனார்கள்? போயா என்றால் கடலுக்கும் விடுமுறையா? மலர் உரித்து வைத்துவிட்டுப் போன முட்டை தட்டில் கிடந்தது. வெள்ளி. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மூதூர்க் கரையில் வள்ளம் வைத்திருப்பவர்கள் முஸ்லிம் சனங்கள். ஜும்ஆத் தொழுகை முடியும் வரைக்கும் அவர்கள் கடலுக்கு இறங்கமாட்டார்கள் என்பது திருகோணமலைச் சந்தையில் மீன் வாங்குகிற எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் மீன் வராது என்று எத்தனை தரம் மலருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தேன். வள்ளம் ஒரு புள்ளி. வெளிச்சவீட்டு முனை இருக்கும் பக்கமாக, திறந்த கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

திட்டிலிருந்து தரைக்கு நடந்து போக வழியில்லை. களப்பு வாய் ஆழம். மிஞ்சியிருந்தது அந்தச் சிறிய வள்ளம். தனியே அதில் நான் ஏறியதே இல்லை. ஏறியவுடன் கவிழ்ந்தேன். இடுப்பளவு தண்ணீர்தான், எழுந்து, தண்ணீரை ஊற்றி, மீண்டும் ஏறினேன். மீண்டும் கவிழ்ந்தேன். மூன்றாம் முறை ஏறி உட்கார்ந்தபோது காற்று என்னையும் மெதுவாக வெளியே தள்ளத் தொடங்கியது. பயம் வந்து குதித்துவிட்டேன். பிறகு ஏறவில்லை. களப்பு வாயை மட்டும் வள்ளத்தைக் கட்டிப் பிடித்து, காலால் உதைத்து உதைத்துக் கடந்தேன். அந்தக் கொஞ்ச நேரமும் அடி மண் காலுக்குத் தட்டவில்லை. அதற்கு அப்பால் வள்ளத்தை விட்டுவிட்டுக் கரையால் ஓடினேன். சிப்பி காலைக் கிழித்தது. கண்டல் வேர் வந்த இடத்தில் தண்ணீருக்குள் இறங்கி ஓடினேன். ஓடுகிறபோது கடலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மூதூர்க் கரையில் வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏற்றி வரிசையாகக் கிடந்தன. வலைகள் காய்ந்தன. ஆள் இல்லை. ஒரு தென்னோலை வேலிக்குள் சத்தம் கேட்டது. படலையைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன்.

முற்றத்தில் சாக்கு விரித்து ஒருவர் குந்தியிருந்தார். அகன்ற தோள், நரைத்த தாடி. அவருக்கு முன்னால் ஒரு வள்ள எஞ்சின், துண்டு துண்டாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் துடைத்து, சாக்கில் பரப்பியிருந்தது. அவர் அப்துல் மஜீத் காக்கா என்பதும், அந்தக் கரையில் எஞ்சின் வைத்திருந்தவர் அப்போது அவர் ஒருவர்தான் என்பதும் பிறகு தெரிந்தது.

"காக்கா," என்று அண்ணன் முறையில் கூப்பிட்டேன். அதற்குமேல் மூச்சு வரவில்லை.

"என்ன தம்பி? ஆரு நீங்க? காலெல்லாம் ரெத்தம்."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. கன்வஸ் வள்ளம், மனுசி, மச்சான், மணல்திட்டு, காற்று. அவர் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு எழும்பி வேலிக்கு மேலால் கடலைப் பார்த்தார்.

"எப்ப போனாங்க?"

"தேத்தண்ணி வைக்கேக்க."

"கச்சான் எழும்பினாப் பொறகா? கச்சான் காத்துல கன்வஸ்ல போனாங்களா?" அவர் குரல் உயர்ந்தது. "கரையில நிண்டா அது தெரியாது தம்பி. அது ஒங்கட முதுகாலதான் வரும். போகேக்க கையப் புடிச்சிக் கூட்டிக்கிட்டுப் போகும். ஆருக்கிட்டயும் கேட்டீங்களா? ஒரு புள்ளக்கிட்டக் கேட்டாலும் சொல்லியிருக்குமே."

"கடல் நிறைய வள்ளம் நிண்டது, காக்கா. நேத்து."

"நேத்து வியாழன்!"

உள்ளேயிருந்து ஒருவன் வந்தான். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேர்ட், தொப்பி, அத்தர் வாசம். மஜீத் காக்காவின் மைத்துனன் ஹிஸ்புல்லா.

"என்ன மச்சான் சத்தம்?"

"திருக்கணாமலையில இரிந்து தொரைமார் வந்திரிக்காங்க. போயாவாம். எங்கட வெள்ளிக்கிழமையில வந்து சாகிறாங்க." சொல்லிக்கொண்டே சாக்குக்கு முன்னால் குந்திவிட்டார். கை ஏற்கெனவே ஒரு திருகாணியைத் தேடியது. "நீ போய்ப் பெற்றோல் கானைத் தூக்கு."

"இதப் பூட்டி முடியக்குள்ள ஜும்ஆ முடிஞ்சிடும். பாயோட போவமா?"

"பாயில போகலாம். அவங்களத் தூக்கிக்கிட்டு இந்தக் காத்துக்கு எதிரா எப்பிடி வாற? நீயும் நானும் நாளைக்குத்தான் வருவம்."

ஹிஸ்புல்லா சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கானை எடுக்கப் போனான்.

நான் அந்த முற்றத்தில் நின்றேன். என் மனைவி கடலில் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு மனிதர் ஒரு சிறு பித்தளைக் குழாயை வாயில் வைத்து ஊதிப் பார்க்கிறார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், மீண்டும் ஊதுகிறார். கெதியாப் பூட்டுங்கோ என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் அவர் கை தவறும். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கொப்புளம் உடைந்து வாயில் உப்பாகப் பட்டது.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. வேலிக்கு வெளியே வெள்ளை உடுப்புகள் நடந்து போயின. ஒருவர் எட்டிப் பார்த்து, "மஜீத், வரல்லியா?" என்றார்.

மஜீத் காக்காவின் கை நின்றது. ஒரு கணம்தான். குசினி வாசலில் நின்ற அவர் மனைவி நஜ்முன் நிஸா முக்காட்டை இழுத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னா: "என்ன பாத்துக்கிட்டு இரிக்கீங்க? ஜும்ஆ தப்பினா லுஹரத் தொழலாம். அந்தப் புள்ள கைதப்பிப் போனா எதத் தொழுற?"

"வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இரி. தண்ணிப் போத்தலக் கொண்டா."

"கொண்டந்து வள்ளத்துல வெச்சாச்சி."

எஞ்சின் பூட்டியது. ஹிஸ்புல்லாவும் நானும் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினோம். வள்ளத்தைத் தள்ளினோம். கயிற்றை இழுத்தார், இருமியது, நின்றது. மீண்டும் இழுத்தார். மீண்டும் நின்றது. அவர் எஞ்சினைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, உடனே "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார். அடுத்த இழுவைக்கு அது பிடித்தது.

கரை ஓரத்துத் தட்டைத் தண்ணீரைத் தாண்டியதும் கடல் மாறியது. அலைகள் பின்னாலிருந்து வந்து வள்ளத்தைத் தூக்கி எறிந்தன. இதற்குள் ஒரு கன்வஸ் துண்டு எப்படி நிற்கும் என்று நான் கேட்கவில்லை. ஹிஸ்புல்லா முன்னால் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் நடுவில் நின்றேன், விழுந்தேன், நின்றேன். ஒவ்வொரு நுரையும் மலர் தலையில் சுற்றிய சாரமாகத் தெரிந்தது.

"தம்பி, இஞ்ச கேளுங்க," என்றார் மஜீத் காக்கா. எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திச் சொன்னார். "கான் ஒண்டுதான் இரிக்கு. பாதி போக. பாதி வர. வரக்குள்ள காத்து எதிர், அதுக்குப் பாதியும் காணாது. பாதியில நான் திரும்புவன். அப்ப என்னக் கேக்கக் கூடாது."

"ஓம்," என்றேன். எதற்கு ஓம் என்று தெரியாமலே சொன்னேன்.

காற்றோடு ஓடினோம். வெளிச்சவீடு வலப்பக்கத்தில் வெள்ளைத் தடியாகத் தெரிந்தது, பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. குடா முடிந்து பெருங்கடல். இரண்டு தரம் எஞ்சினை நிறுத்திக் கூப்பிட்டோம். ஹிஸ்புல்லாவின் குரல் பெரியது. "ஓய்… ஓ…ய்" என்று அவன் இழுக்க, அது காற்றோடு முன்னால் போனது. திரும்பி எதுவும் வரவில்லை.

மஜீத் காக்கா கானைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் சுக்கானைத் திருப்பினார்.

"காக்கா!"

"சொன்னனான்தானே."

"இன்னும் கொஞ்சம். அந்த நுரை தெரியிற இடம் மட்டும். காக்கா, காத்து அங்கதானே கொண்டு போகும். நீங்கள்தானே சொன்னீங்கள்!"

"பெற்றோல் முடிஞ்சா அஞ்சு பேருக்கும் ஆரு தம்பி வாற? இண்டைக்குக் கடல்ல ஆரு இரிக்கா?"

நான் எஞ்சினைப் பிடிக்கப் போனேன். ஹிஸ்புல்லா பின்னாலிருந்து என்னை அணைத்துப் பிடித்தான். திமிறினேன். அவன் நெஞ்சில் அத்தரும் பெற்றோலும் மணத்தது. "இரிங்க, இரிங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தான், குழந்தைக்குச் சொல்வது போல. நான் கெட்ட வார்த்தை சொன்னேன். பிறகு அழுதேன். மலர் அங்கே, நாங்கள் இங்கே திரும்புகிறோம் என்று மட்டும்தான் தெரிந்தது.

காற்றுக்கு எதிரே வள்ளம் நகர்ந்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு அலைக்கும் மூக்கை நிமிர்த்தி அடித்து நின்று, பிறகு போனது. மஜீத் காக்கா நேராக ஓட்டவில்லை. அலை முகத்தில் அடிக்காமல் இடமும் வலமுமாகச் சரித்துச் சரித்து ஓட்டினார். வரும்போது நாங்கள் நேரே ஓடி வந்த தண்ணீரை இப்போது குறுக்கே குறுக்கே வெட்டிக்கொண்டு போனோம். வெளிச்சவீடு மீண்டும் பக்கத்தில் வந்தது.

"மச்சான்," என்றான் ஹிஸ்புல்லா. "அது என்ன? ஆமையா?"

கறுப்பாக ஒன்று அலை மட்டத்தில் கிடந்தது. அலையோடு எழும்பவும் இல்லை, காற்றோடு ஓடவும் இல்லை. அலை அதற்கு மேலால் போனது. மீண்டும் தெரிந்தது. தார் பூசிய அடிவயிறு.

"கவிழ்ந்து கிடக்கு," என்றார் மஜீத் காக்கா மெதுவாக. "தண்ணி ரொம்பினது காத்துக்கு ஓடல்ல. கிடந்திரிக்கு. நாமதான் தாண்டிப் போயிட்டம்." பிறகு கத்தினார். "ஆளப் பாரு! ஆள் இரிக்கா பாரு!"

அந்தப் பக்கத்தில் இரண்டு தலைகள் இருந்தன.

மலர் கவிழ்ந்த வள்ளத்தின்மேல் நெஞ்சைப் போட்டுக் கிடந்தாள். முகம் வெயிலில் வெந்து சிவந்து, உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைக் கண்டதாகத் தெரியவில்லை. ஹெக்டர் அவளுக்குப் பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தான். வள்ளத்தின் மூக்கில் கட்டியிருந்த கயிறு அவனுடைய மணிக்கட்டைச் சுற்றி, அவளுடைய மணிக்கட்டைச் சுற்றி, மீண்டும் அவனைச் சுற்றி இறுக்கி முடிந்திருந்தது. இரண்டு பேரின் தோலும் உரிந்திருந்தது.

இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் தூக்க வேண்டியிருந்தது. கன்வஸ் வள்ளத்திலிருந்து மற்ற முனையை ஹிஸ்புல்லா வெட்டிவிட்டான். மலரை என் மடியில் கிடத்தித் தண்ணீர் பருக்கினேன். பாதி வெளியே வந்தது.

ஹெக்டர் வள்ளத்தின் அடிப்பலகையில் கிடந்து நடுங்கினான். "கவிழ்ந்தாப் பிறகு முனை கிட்டத் தெரிஞ்சது மச்சான்," என்றான். பல் தந்தியடித்தது. "நீந்திப் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொன்னனான். இவள் பேசாமல் இருந்தவள். நான் சப்பாத்தைக் கழட்டக் குனியேக்க கட்டிப்போட்டாள். அவிழ்க்கப் போனா கடிச்சாள்." முழங்கையைக் காட்டினான். பல் பதிந்திருந்தது.

மஜீத் காக்கா வெளிச்சவீட்டைப் பார்த்தார். முனையைச் சுற்றி நீர் சுழித்து வெண்மையாக ஓடிக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ளயா நீந்தப் போனீங்க?" என்றார். கானில் மிஞ்சியதை எஞ்சினுக்குள் ஊற்றினார்.

"அந்தக் கயித்த வெட்டிவிடு," என்றார் ஹிஸ்புல்லாவிடம். "ரெத்தம் ஓடட்டும்."

ஹிஸ்புல்லா கத்தியோடு குனிந்தான். அதுவரை மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு கிடந்த மலர், கையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். இழுத்த இழுப்பில் ஹெக்டரின் கையும் கூடவே போனது.

"வெட்டாதேங்கோ."

"மலர், இனி என்ன," என்றேன். "நான்தான். பேணாட். நாங்கள் வள்ளத்துக்குள்ள இருக்கிறம்."

"அதுவும் வள்ளம்தான்," என்றாள்.

"விடு பிள்ளை, நோகுது," என்றான் ஹெக்டர். "நான் இனி எங்க போறது?"

அவள் கயிற்றின் தொங்கிய முனையை எடுத்து விரல்களில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

பெற்றோல் கரைக்குக் கிட்டத்தான் முடிந்தது. மிச்சத்தை ஹிஸ்புல்லாவும் நானும் தண்டு வலித்துக் கடந்தோம். என் கைகளில் தோல் இருந்ததா இல்லையா என்று பார்க்கவில்லை. அதற்கு முன், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, காக்கா கடல் தண்ணீரால் முகமும் கையும் காலும் கழுவி, இருந்த இடத்தில் இருந்தபடியே லுஹரைத் தொழுதார். ஹிஸ்புல்லா சுக்கானைப் பிடித்துக்கொண்டு அவர் முடிக்கும் வரை பார்த்திருந்தான், பிறகு அவன் தொழுதான்.

கரையில் நஜ்முன் நிஸா நின்றா. முழங்காலளவு தண்ணீருக்குள் இறங்கி வந்து மலரை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினா. மலர் நடந்தாள், ஹெக்டர் கையை நீட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் இழுபட்டு நடந்தான். கரையில் கூடியிருந்தவர்கள் வழிவிட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குள் பாய் விரித்து இருவரையும் இருத்தினா. ஹெக்டருக்கு ஒரு சாரம், மலருக்குப் போர்த்தத் துணி. சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியை மலரின் வாயில் பிடித்தா. மலர் குடித்தாள். குடித்துக்கொண்டே இடக் கையால் பாய்க்கு வெளியே தடவினாள். சாணி மெழுகிய நிலம். உள்ளங்கையை அதில் வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"இது தரைதானே?" என்று கேட்டாள்.

"தரைதான் மகள்," என்றா நஜ்முன் நிஸா.

அதற்குப் பிறகுதான் மலர் என் பக்கம் திரும்பி மணிக்கட்டை நீட்டினாள். முடிச்சு நனைந்து இறுகிக் கல்லாகிவிட்டிருந்தது. கத்தி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். என் விரல்களால் ஏலவில்லை. குனிந்து பல்லால் கடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். உப்பும் தாரும் இரத்தமும் வாயில் கரித்தன. முதற் சுற்று இளகியபோது அவள் விரல்கள் என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டன.